சம்பந்தி வீட்டாரோடு மெஸே மேசையில்

டர்பன்
ஆவணி மாதக் கடைசி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நிச்சயமானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே ஆடிக் கஞ்சி முடிந்து கோயில் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று, இனிப் புரட்டாசிதான். அதனால்தான் சம்பந்தி வீட்டாரோடு சாப்பிடும் உன் திட்டத்தைப் படித்ததும் யோசனை வந்தது. செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், எல்லோருக்கும் விடுமுறை, சரி. ஊரே பிராய் (கறி சுடும் நெருப்பு) மூட்டும் நாளில் நீங்கள் ஆறு பேர் ஹோட்டலுக்கு வருகிறீர்கள். அதில் மூன்று பேர் விரதம், சம்பந்தியம்மாவுக்கு எள் ஆகாது, சாப்பாடோ மெஸே, அதாவது சின்னச் சின்னத் தட்டாக வந்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும் மத்தியதரைக்கடல் பக்கத்துச் சாப்பாடு! கவலைப்படாதே. காயும் கொண்டைக்கடலையும் தயிரும் நிறையப் புழங்குகிற சமையல் அது. கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும்.

நம் பந்தியில் ஆளுக்கோர் இலை; அங்கே எல்லாம் நடுவில் வரும். ஆளுக்கு இரண்டு தட்டு என்று கணக்கு வை, ஆறு பேருக்குப் பன்னிரண்டு. ஆனால் முதலிலேயே பன்னிரண்டும் சொல்லிவிடாதே. மூன்று தொடுகறி (ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் விழுது), இரண்டு சாலட், நான்கைந்து சூடான சின்னத் தட்டு, அவ்வளவுதான். பெரிய தட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாதிப் பேர் ரொட்டியும் ஹம்முஸ் என்ற கொண்டைக்கடலை விழுதுமாகவே வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள், அதனால் ரொட்டிக் கூடையும் முதலில் ஒன்று போதும். சூடான தட்டுகள் வரும்போது இரண்டாவதைக் கேள். பிட்டா ரொட்டி ஆறினால் பத்து நிமிடத்தில் தோல் மாதிரி ஆகிவிடும்.

பரிமாறுகிறவர் "தயாராகத் தயாராக வரும்" என்பார். சமையலறைக்கு அது வசதி, உனக்கு இல்லை. ஆறு பேர் மேசையில் ஆளுக்கொரு சின்னத் தட்டும் தண்ணீர் டம்ளரும் போக ஆறேழு தட்டுக்குத்தான் இடம். எல்லாம் சேர்ந்து வந்தால் சூடானவை ஆறிப்போகும். அதிகம் கெடுவது ஹலூமி. அந்தப் பாலாடைக்கட்டியை மோரிலேயே கொதிக்கவைத்துச் செய்வதால் கல்லில் வாட்டினாலும் உருகாது. ஆனால் ஆறினால் ரப்பர். கலமாரி என்ற கணவாயும் அப்படியே. ஆகவே, "குளிர்ந்தவை முதலில், அவை பாதி முடிந்ததும் சூடானவை, பெரிய தட்டை நாங்கள் சொன்ன பிறகு" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடு. அவர் அப்படியே எழுதிக்கொள்வார்.

துண்டுக் கணக்கையும் கேள். கொண்டைக்கடலை வடையான ஃபலாஃபல் தட்டில் நாலோ ஐந்தோதான் இருக்கும். ஆறாவது ஆள் சம்பந்தியாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? கூடுதல் துண்டு கேட்டால் பல இடங்களில் தனி விலைக்குப் போட்டுத் தருவார்கள்.

இனி விரதம். பெயரைப் பார்த்துச் சைவம் என்று நம்பிவிடாதே. திராட்சை இலை டோல்மா அரிசி மட்டும் வைத்தும் வரும், கொத்துக்கறி வைத்தும் வரும். புலாவும் பருப்பு சூப்பும் கோழிச்சாறில் வெந்திருக்கலாம். ரோஜா நிறத்தில் வரும் தராமசலாட்டா மீன்முட்டை. பூண்டு மணக்கும் அயோலியில் முட்டை உண்டு, கீரை அடைத்த ஸ்பானகோப்பிட்டாவிலும் பெரும்பாலும் உண்டு. பாலாடைக்கட்டி உறைய மிருக ரென்னட் (கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள்) போட்டதா என்று கேட்க வேண்டும். உருளைக்கிழங்குத் தட்டில் சிலர் சொரிசோ சேர்ப்பார்கள், அது பெரும்பாலும் பன்றி. எல்லாவற்றையும்விட முக்கியமானது எண்ணெய்ச் சட்டி: ஃபலாஃபலும் கலமாரியும் ஒரே எண்ணெயில் பொரிகிறதா? இதை மேசையில் கேட்டால் பரிமாறுகிறவருக்குத் தெரியாது. இரண்டு நாள் முன்னால் போன் போட்டு, சமையலறையில் கேட்டுச் சொல்லச் சொல். விரதமில்லாத மூவருக்கும் ஒரு வார்த்தை: கோஃப்தா ஆட்டுக்கறியா மாட்டுக்கறியா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டையும் கலப்பதும் உண்டு.

சம்பந்தியம்மா விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. ஹம்முஸிலும் பாபா கனூஷ் என்ற கத்தரிக்காய் விழுதிலும் தஹினி இருக்கிறது, அது எள் விழுதேதான். ரொட்டிமேல் தூவும் ஸாத்தார் பொடியிலும் எள் உண்டு. இனிப்பில் ஹல்வா வேண்டவே வேண்டாம், அங்கே அது எள்ளில் செய்வது. அவருக்கு லப்னே என்ற கெட்டித் தயிர், தயிரும் வெள்ளரியும் சேர்ந்த ஸட்ஸிகி, எள் தூவாத ரொட்டி. சிவப்பு மிளகாயும் வால்நட்டும் அரைத்த முஹம்மராவிலும் சிலர் தஹினி கலக்கிறார்கள், கேட்காமல் கொடுக்காதே. "பிடிக்காது" என்று சொல்லாதே, "ஒவ்வாமை" என்று சொல். அப்போதுதான் சமையலறை வரை போகும்.

எச்சில் சமாச்சாரம் உனக்கே தெரியும், பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கடித்த ரொட்டியை நடுக்கிண்ணத்தில் தோய்ப்பதைப் பார்த்தால் அவர்களுக்கு அதற்குமேல் இறங்காது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு கரண்டி கேள், கேட்காவிட்டால் இரண்டுதான் வரும். தொடுகறியைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டுதான் தோய்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லிவிடு. கறித்தட்டுகளை மேசையின் ஒரு முனையில் வைக்கச் சொல், அந்தக் கரண்டி இந்தப் பக்கம் வராது.

சமையலறையின் தரத்தை முதல் மூன்று தட்டிலேயே எடைபோடலாம். ஹம்முஸ் குளிர்பெட்டியிலிருந்து நேரே வந்தால் ருசி மங்கியிருக்கும், அறைச் சூட்டில் இருக்க வேண்டும். பாபா கனூஷில் புகை மணக்க வேண்டும். கத்தரிக்காயை நெருப்பில் சுட்டுத் தொக்கு செய்கிற நம் ஆட்களுக்கு அடுப்பில் அவித்ததைக் கண்டுபிடிக்க ஒரு வாய் போதும். தபூலே சாலட் என்றால் பார்ஸ்லி நிறைய, கோதுமை நொய் கொஞ்சம். பல ஹோட்டல்களில் இது தலைகீழ். மூன்றும் சரியாக வந்தால் பெரிய தட்டைத் தைரியமாகச் சொல். வராவிட்டால் சின்னத் தட்டுகளோடு நிறுத்திக்கொள்.

காரம் நம் நாக்குக்குப் போதாது. ஹரிஸ்ஸா என்ற மிளகாய் விழுதைத் தனிக்கிண்ணத்தில் கேள். யாராவது பையிலிருந்து ஊறுகாய் எடுப்பார்கள், கண்டுகொள்ளாதே.

பட்டியல் விலையிலேயே 15% வாட் வரி அடங்கியிருக்கும். டிப்ஸ் 10 முதல் 15%. பெரிய கூட்டத்துக்குச் சேவைக் கட்டணத்தை அவர்களே பில்லில் சேர்ப்பதுண்டு, பார்க்காமல் இரண்டு தடவை கொடுத்துவிடாதே. பார்க்கிங் சீட்டில் உணவகத்தின் முத்திரை கிடைக்குமா என்றும் கேள்.

இனிப்புக்கு விரதக்காரருக்குப் பன்னகோட்டா என்ற பால் இனிப்பு வேண்டாம், அதில் ஜெலட்டின், அது மிருகத்திலிருந்து எடுப்பது. பருப்பு வைத்த அடுக்கு இனிப்பான பக்லாவா எள் இல்லாததென்றால் எல்லோருக்கும் ஆகும். மேசை மாலை ஏழு மணிக்கா, எட்டுக்கா என்று எழுதவில்லையே? விரதக்காரர் இருப்பதால் ஏழுக்கே மாற்றிக்கொள். மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பும் முன் வழியில் வரும் மரியான்ஹில் சுங்கச்சாவடிக்குச் சில்லறை எடுத்து வை.

அன்புடன்
உன் பழைய சிநேகிதன்