வாட்ச்மென் முடித்த கையோடு ஆட வேண்டிய விளையாட்டு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

வாட்ச்மென் காமிக்ஸின் பன்னிரண்டு இதழ்களையும் முடித்துவிட்டாய், அதை வரைந்த டேவ் கிப்பன்ஸின் கோடுகள் கண்ணை விட்டு அகலவில்லை என்கிறாய். கதையோடு புதிர்களை அவிழ்த்து முன்னேறும் அட்வெஞ்சர் கேம் ஆட ஆசை, எதில் தொடங்குவது என்றும் கேட்கிறாய். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: பினீத் எ ஸ்டீல் ஸ்கை. 1994-இல் இங்கிலாந்தின் ரெவல்யூஷன் நிறுவனம் வெளியிட்டது. பின்னணிக் காட்சிகளைப் பென்சிலால் வரைந்தவர் அதே கிப்பன்ஸ். மற்றவர்கள் அவற்றுக்கு வண்ணம் தீட்டினார்கள். கதையின் முன்கதையைச் சொல்ல அவர் வரைந்த சிறு காமிக்ஸ் ஒன்றும் பெட்டிக்குள் இருந்தது. 2003-இல் விளையாட்டை இலவசமாக்கிவிட்டார்கள். சட்டப்படியே இறக்கலாம்.

பலர் மங்கி ஐலண்ட் என்ற இன்னொரு பழைய அட்வெஞ்சர் கேமில் தொடங்கச் சொல்வார்கள். அது மகத்தான விளையாட்டு, மறுப்பே இல்லை. ஆனால் அதன் உயிர் பேச்சில் இருக்கிறது, இதன் உயிர் படத்தில். காமிக்ஸ் படிக்கிறவனுக்குக் கட்டத்தின் மூலைமுடுக்கைப் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. இந்த விளையாட்டு கேட்பதும் அதைத்தான். கதை நடக்கும் யூனியன் சிட்டியில் ஏழைகள் புகைமண்டிய மேல்தளங்களில் கிடக்கிறார்கள், வசதியானவர்கள் கீழே தரைமட்டத்தில் வாழ்கிறார்கள். இதை யாரும் உட்காரவைத்து விளக்குவதில்லை. லிஃப்டில் இறங்க இறங்க நிறங்களே சொல்லிவிடும்.

பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் இலவச மென்பொருள் ஸ்கம்விஎம். அதன் தளத்துக்குப் போ. உன் கணினிக்கான ஸ்கம்விஎம்மை நிறுவிக்கொள். அதே தளத்தில் இலவச விளையாட்டுகள் பகுதியில் இதன் சிடி பதிப்பும் ஃப்ளாப்பி பதிப்பும் இருக்கும். சிடி பதிப்பை எடு, அதில்தான் குரல் உண்டு. ஜிப் கோப்பைத் தனி ஃபோல்டரில் விரித்துவிட்டு, ஸ்கம்விஎம்மில் ‘ஆட் கேம்’ அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டு. விளையாட்டு தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஜிப்பை விரிக்காமலேயே காட்டியிருப்பாய், அல்லது ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்திருப்பாய்.

அடுத்து கிராஃபிக்ஸ் அமைப்பு. இதை அவசரமாகக் கடந்துவிடாதே. அந்தக் காலப் படம் 320-க்கு 200 புள்ளிகள், ஆனால் ஓடியது 4:3 மானிட்டரில். அதனால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் கூடுதலாகத் தெரிந்தது. இன்றைய திரையில் புள்ளிகள் சதுரம் என்பதால், அப்படியே விட்டால் கிப்பன்ஸின் மனிதர்கள் குள்ளமாக நசுங்கிப்போவார்கள். ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன்’ என்பதை டிக் செய். 200 வரிகள் 240 ஆக நீளும், படம் சரியாகிவிடும். படத்தை மழுக்கும் ஃபில்டர்கள் எதுவும் வேண்டாம். மழுங்கிய படத்தில் சிறு பொருள்கள் பின்னணியோடு கரைந்துவிடும், பிறகு அரை மணி நேரம் சுட்டியால் திரையைத் துழாவுவாய். இதே காரணத்துக்காகத்தான் கைபேசியிலும் வேண்டாம் என்கிறேன்.

இடது கிளிக் பார்ப்பதற்கு, வலது கிளிக் எடுக்க, பயன்படுத்த, பேச. சுட்டியைத் திரையின் மேல்விளிம்புக்குக் கொண்டுபோனால் கையிலுள்ள பொருள்கள் இறங்கிவரும். எஃப்5 அழுத்தினால் சேமிக்கும் பலகை வரும், எழுத்தும் குரலும் சேர்ந்து வரச் செய்யும் தேர்வும் அங்கேயே இருக்கிறது. எழுத்தைக் கட்டாயம் போட்டுக்கொள், சில குரல்களின் உச்சரிப்பு சட்டென்று பிடிபடாது. இதில் நாயகன் ஃபாஸ்டர் சாகவும் முடியும். ஒரே இடத்தில் மேல் எழுதாமல் புதுப் புதுப் பெயரில் சேமித்து வை.

முதல் அறைக்கு மட்டும் கை கொடுக்கிறேன். படிக்கட்டில் ஆடிக்கொண்டிருக்கும் கம்பியை உருவி எடு, அதை வைத்துக் கதவை நெம்பு. பிறகு குப்பையில் கிடக்கும் ரோபோ கூட்டுக்குள் உன்னிடமுள்ள சர்க்யூட் போர்டைப் பொருத்து. உன் ரோபோ தோழன் ஜோயி எழுந்துவிடுவான். அதன்பின் எங்கு சிக்கினாலும் அவனிடம் பேசிப் பார். பாதி பூட்டுகளுக்கு அவன்தான் சாவி.

புதியவர்கள் தடுமாறுவது வேறோர் இடத்தில். இங்கே மனிதர்கள் நின்ற இடத்தில் நிற்பதில்லை, தங்கள் வேலையைப் பார்த்தபடி அறைக்கு அறை நடக்கிறார்கள். தொழிற்சாலை மேலாளர் லேம்பைத் தேடினால் ஆள் அகப்படமாட்டார். உடனே ஏதோ தவறவிட்டோம் என்று நினைத்து விடைக்குறிப்பைத் திறக்காதே. ஓர் அறையில் காத்திரு, அவரே வருவார். விடைக்குறிப்பு தேவைப்பட்டே தீரும் என்றால் யுஎச்எஸ் என்ற குறிப்புத் தளத்தைப் பார். அது ஒரு குறிப்பை மட்டும் திறக்கும், போதாதென்றால் அடுத்ததை. முழு விடையை முதல் வரியிலேயே கொட்டும் பக்கங்கள் இந்த விளையாட்டையே உன்னிடமிருந்து பறித்துவிடும்.

சியாரா நிறுவனத்தின் கிங்ஸ் குவெஸ்ட் அட்வெஞ்சர் தொடரை இப்போதைக்குத் தொடாதே. ஐந்தாம் பாகத்தில் (1990) ஒரு கஸ்டர்ட் பை கிடைக்கும். பசிக்கிறதே என்று தின்றுவிட்டால், பின்னால் பனிமலையில் யெட்டியின் முகத்தில் வீச ஒன்றும் இருக்காது, பழைய சேமிப்புக்குத் திரும்புவதே வழி. தப்பை உடனே சொல்லாமல் வெகுதூரம் நடக்கவிட்டு அடிப்பது அநியாயம் என்பதே என் கருத்து. மங்கி ஐலண்டை உருவாக்கிய ரான் கில்பர்ட் 1989-இலேயே இத்தகைய வடிவமைப்பைக் கண்டித்து எழுதினார்.

இதை முடித்ததும் அதே நிறுவனத்தின் புரோக்கன் ஸ்வோர்டுக்கு (1996) வா. அது இலவசமல்ல. அயர்லாந்தில் கோட்டை இடிபாட்டில் ஓர் ஆடு நாயகன் ஜார்ஜை முட்டித் தள்ளும். அதுவரை நேரம் பார்த்துச் செயல்படச் சொல்லாத விளையாட்டு, அங்கே சொல்லாமல் அதைக் கேட்கும். அவன் விழுந்து எழும் அந்த நொடியிலேயே பக்கத்திலுள்ள பழைய கலப்பைக் கருவியைக் கிளிக் செய். ஆட்டின் கயிறு அதில் சிக்கிக்கொள்ளும், கீழே இறங்கும் வழி உனக்குத் திறந்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்