போனில் சொன்ன 'ஓகே'

அமெரிக்காவில் அம்மாவையோ அப்பாவையோ நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். போன வருஷம் ஒரு மத்தியானம், மீட்டிங்குக்கு நடுவில், அம்மா இருக்கும் இடத்திலிருந்து போன் வந்தது. "சாயங்காலமானால் கத்துகிறார். ராத்திரிக்குச் சின்னதாக ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம்." ஓகே, தேங்க்யூ என்று வைத்துவிட்டேன். அதுவே குடும்பத்தின் சம்மதம் என்று சார்ட்டில் ஏறிவிட்டது.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால், அம்மா நாற்காலியில் தலை சரிந்து கிடக்கிறாள். ஊட்டிய தயிர்சாதம் விழுங்காமல் வாயிலேயே இருக்கிறது. கொடுத்தது க்வெட்டியாபைன், மனச்சிதைவுக்கான (ஸ்கிசோஃப்ரீனியா) மருந்து. அம்மாவுக்கு இருப்பதோ மறதி நோய். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் உயிராபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-லேயே மருந்தின் விவரச் சீட்டில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறது. சுமார் 10 வாரச் சோதனைகளில் மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேர் இறந்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6. போனில் இதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அம்மா கத்தினாள்தான். "ஒண்ணுக்கு வருது, ஒண்ணுக்கு வருது" என்று. நோய் அவளுடைய இங்கிலீஷை எப்போதோ கொண்டுபோய்விட்டது. அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. சிலருக்குத் தேவைப்படும். ஆனால் நன்மை, ஆபத்து, வேறு வழி எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வேண்டாம் என்று நாம் மறுக்கலாம் என்பது மத்திய அரசின் விதி. ஊழியர்களின் வசதிக்காகக் கொடுக்கவே கூடாது. கலிபோர்னியாவில் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். 'ஆரம்பித்திருக்கிறோம்' என்பது தகவல், அவ்வளவுதான். 'ஆரம்பிக்கலாமா?' என்று கேட்டால்தான் சம்மதம்.

அப்புறம், சார்ட்டில் திடீரென்று 'மனச்சிதைவு' என்று முளைத்திருக்கிறதா பாருங்கள். எத்தனை பேருக்கு இந்த மருந்துகளைக் கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஹோமுக்கும் அரசு கணக்கு வைக்கிறது; அந்த நோய் எழுதப்பட்டவர்கள் அதில் வரமாட்டார்கள். பொய்யாக எழுதுகிறார்களா என்று 2023 முதல் தணிக்கையே நடக்கிறது. ஆனால் கோபத்தில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் பேசி, படிப்படியாகக் குறைத்தோம்.

இப்போது அம்மாவின் கட்டிலுக்கு மேல் ஓர் அட்டை தொங்குகிறது. பத்துத் தமிழ்ச் சொற்கள், உச்சரிப்போடு. பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி சாயங்காலம் எட்டிப் பார்த்து, "பாட்டி, ஒன்னுக்கா?" என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு மகள்