மேய்ச்சல் நிலத் திட்டம் வகுப்போருக்கு: ‘எரிமலை மண்’ என்று ஒரே நிறம் பூசாதீர்கள்

மேய்ச்சல் நில மேம்பாட்டுத் திட்டங்களை எழுதி ஒப்புதல் தரும் அலுவலர்களுக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

எரிமலைப் பாறை மீது அமைந்த புல்வெளிகளைப் பற்றிய அறிக்கைகளில் ‘எரிமலை மண், வளமானது, ஈரம் காக்கும்’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அதை நம்பி முழுப் பரப்புக்கும் ஒரே விதை, ஒரே அளவுக் குழி, ஒரே கரை, ஒரே மாட்டுக் கணக்கு ஒதுக்குகிறீர்கள். அந்த வரியை அடித்துவிட்டு, சரிவின் மேட்டிலும் நடுவிலும் தாழ்விலும் குழி தோண்டிப் பார்த்த பிறகு திட்டம் எழுதுங்கள். எங்கள் கோரிக்கை இதுதான்.

எரிமலைப் பாறை என்பதே ஒரே பாறை அல்ல. ரயோலைட் என்னும் வெளிர்நிற எரிமலைப் பாறையில் சிலிக்கா (மணலின் முதன்மைப் பொருள்) ஏறத்தாழ 70 சதவீதம் அல்லது அதற்கும் மேல்; அது சிதைந்தால் கிடைப்பது பெரும்பாலும் சத்துக் குறைந்த, அமிலச் சாயலுள்ள மண். பசால்ட் என்னும் கருநிற எரிமலைப் பாறையில் சிலிக்கா 45 முதல் 52 சதவீதம்தான். கால்சியம், மக்னீசியம், இரும்பு மிகுதி. வறண்ட, அரை வறண்ட வெளிகளில் கருங்களியைத் தருவது பெரும்பாலும் இந்தப் பசால்ட்தான். அதுவும் அடுக்கடுக்காக வழிந்து உறைந்தது. ஒவ்வொரு அடுக்கின் மேற்பகுதியும் குமிழ்த் துளைகள் நிறைந்து எளிதில் சிதையும். நடுப்பகுதி இறுகிக் கிடக்கும். குன்றுகள் படிப்படியாக இறங்குவது இதனால்தான். தக்காணப் பாறைகளுக்கு வழங்கும் ‘ட்ராப்’ என்ற பெயரே படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே நூறு மீட்டர் நடந்தாலே மண்ணின் ஆழம் மாறிவிடும்.

மேட்டில் மழைநீர் வடிந்து ஓடுகிறது. கால்சியமும் மக்னீசியமும் கரைந்த சிலிக்காவும் அதனோடு போகின்றன. அங்கே மிஞ்சுவது செம்பழுப்பான, கல் கலந்த மண். பல இடங்களில் ஒரு சாண் ஆழம்கூட இராது. கரைந்து போனவை தாழ்வில் தேங்கி ஸ்மெக்டைட் என்னும் களிக் கனிமமாக உருவெடுக்கின்றன. அதுதான் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கருங்களி. அடியில் சுக்கான் கற்களும் (சுண்ணாம்பு முடிச்சுகள்) இருக்கும். தாய்ப்பாறை ஒன்றுதான், ஆனால் மேடும் தாழ்வும் இருவேறு நிலங்கள்.

இந்த வேறுபாடு தண்ணீர்க் கணக்கில் அப்பட்டமாகத் தெரியும். மேட்டில் 25 செ.மீ. ஆழம், அதில் 40 சதவீதம் கல் என்று வையுங்கள். கல் நீங்கலான மண்ணில் பயிர் எடுக்கக்கூடிய நீர் 15 சதவீதம் என்றால், மொத்த இருப்பு 22.5 மி.மீ. மட்டுமே. புல் நாளொன்றுக்கு 4 மி.மீ. குடித்தால் ஐந்தாறு நாளில் தீர்ந்துவிடும். தாழ்வில் கல்லில்லாத ஒரு மீட்டர் களிக்கு, இதே 15 சதவீதத்தில், 150 மி.மீ. கிடைக்கும், ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். ஆழத்தை மட்டும் எழுதிக் கல்லின் அளவை விட்டுவிடும் அறிக்கை இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஆனால் சிறு மழையில் கணக்குத் தலைகீழாகும். காய்ந்த களியில் 10 மி.மீ. மழை மேல் மூன்று நான்கு செ.மீ.யோடு நின்று, வேருக்கு எட்டாமல் ஆவியாகிவிடும். கல் மண்ணில் அதே மழை இரு மடங்கு ஆழம் இறங்கும். எனவே பருவத் தொடக்கத்தில் மேடுதான் முதலில் பச்சையாகும். கால்நடைகளும் அங்கேயே குவியும். தாங்கும் திறன் குறைந்த இடமே முதலில் மொட்டையாகிறது. முழுப் பரப்பின் சராசரியை வைத்து மாட்டு எண்ணிக்கை போடுவதை நாங்கள் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். மேட்டுக்குத் தனி எண்ணிக்கை, தனி ஓய்வுக்காலம், முடிந்தால் தனி வேலி வேண்டும்.

தாழ்வின் ஆபத்து வேறு: ஈரக் களியில் குளம்பு இறங்கினால் மண்ணின் துளைகள் நசுங்கி மூடிக்கொள்ளும். மாடுகளை விடும் முன் 5 முதல் 10 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மி.மீ. தடிமனுக்கு உடையாத திரியாக உருண்டால் அன்று விடக்கூடாது. உதிர்ந்தால் விடலாம்.

குழி பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு மீட்டர் ஆழம், அல்லது பாறை தட்டும்வரை தோண்டுங்கள். பக்கச் சுவரைக் கத்தி முனையால் கிளறி இயல்பான கட்டிகளைப் பாருங்கள். பளபளப்பாக, கோடு இழுத்த சாய்வான சறுக்குத் தளங்கள் தெரிந்தால் அது உப்பிச் சுருங்கும் களி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டினால் எந்த ஆழத்தில் நுரைக்கிறது என்று குறியுங்கள்; சுண்ணாம்பு அங்கே தொடங்குகிறது. மேல், நடு, அடி மண்ணிலிருந்து பட்டாணி அளவுக் காய்ந்த துணுக்குகளை மழைநீரில் மெதுவாக இட்டு, கலக்காமல் 2 மணி, 20 மணி நேரம் கழித்துப் பாருங்கள். துணுக்கைச் சுற்றிப் பால்போலக் கலங்கினால் சோடியம் மிகுந்திருக்கலாம். அந்த மண்ணில் கட்டும் கரை அரித்துத் துளை விழும். கிணற்று நீரில் இச்சோதனை செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பு கலங்கலை மறைத்துவிடும்.

பணிகளுக்கு வருவோம். கருங்களியில் சமமட்டக் கரை (சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும் மண்கரை) போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளே நீர் தேங்கிப் புல் அழுகுகிறது. கோடையில் கரை வெடிக்கிறது. அடுத்த பெருமழையில் அந்த வெடிப்பு வழியே உடைகிறது. நீளவாக்கில் 0.2 முதல் 0.4 சதவீதம் சாய்வு கொடுத்து, முடிவில் புல் வளர்ந்த வடிகாலில் சேருங்கள். ஆழ உழவும் இங்கே வீண். திறந்த கீறலை அடுத்த ஈரமே மூடிவிடும்.

மரக்குழியும் அப்படித்தான். களியில் வெட்டிய குழி மழையில் தொட்டியாகி வேரை அழுக வைக்கும். கோடையில் வெடிப்பு இளம் வேரை அறுக்கும். ஆழக் கருங்களி வெளிகளில் மரங்கள் இயல்பாகவே அருகி, புல் ஆள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் குறையாக எண்ணித் திருத்தப் போகாதீர்கள்.

கல் பொறுக்கும் பணியை அறவே நீக்குங்கள். மேற்பரப்புக் கல் மழைத்துளியின் அடியைத் தாங்கி, விதைக்கு நிழல் தருகிறது. களியில் பொறுக்கினாலும் பயனில்லை: வெடிப்புக்குள் மேல்மண் விழுந்து நிறைகிறது, ஈரத்தில் உப்பும் அடிமண் இடமின்றி மேலே தள்ளப்படுகிறது, கற்களும் கூடவே வருகின்றன.

விதை விஷயத்தில், வடிகால் நன்றாக உள்ள மண்ணுக்குக் கொழுக்கட்டைப் புல்லும் கருங்களிக்கு மார்வேல் புல்லும் பொருந்தும், மாற்றிப் போடாதீர்கள். வெடிப்பு திறந்திருக்கும்போது தூவினால் விதை ஆழத்தில் விழுந்து வீணாகும். வெடிப்பு மூடியபின் ஒரு செ.மீ.க்கு மேல் போகாமல் விதையுங்கள்.

கருமையைக் கண்டு உரமும் மட்கும் மிகுந்தது என்று முடிவுகட்டவும் வேண்டாம். சிறிதளவு கரிமப் பொருள் களியோடு பிணைந்தாலே இந்த நிறம் வந்துவிடும். தழைச்சத்து, பாஸ்பரஸ், துத்தநாகம் மூன்றும் குறைவாக இருப்பது வழக்கம். ஆய்வு முடிவில்லாமல் எதையும் இடாதீர்கள்.

உங்கள் படிவத்தில் ‘மண் வகை’ என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு, மூன்று குழிகளுக்கும் ஆழம், கல்லின் சதவீதம், நுரைக்கும் ஆழம், நீரில் கலங்கியதா என்ற நான்கு கட்டங்களைச் சேருங்கள். குழி தோண்டிப் பார்க்க ஆட்களும் மண்வெட்டியும் ஒரு பகல் பொழுதும் போதும்; நீரில் கலங்குகிறதா என்பதை மட்டும் மறுநாள் பார்த்துக் குறியுங்கள். வெடிப்புகள் திறந்திருக்கும் வறண்ட நாட்களிலேயே தொடங்குங்கள். மெல்லிய கம்பியை விட்டு வெடிப்பின் ஆழத்தையும் அளந்து குறிக்கலாம். முதல் பெருமழைக்குப் பின் அந்த அளவு கிடைக்காது.

இப்படிக்கு,
மண்ணாய்விலும் மேய்ச்சல் நில மேலாண்மையிலும் பணிபுரிவோர்