பதிவு எண் கேட்டால் உண்மை வராது: மாணவர் நலக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாணவர் நலக் குழுவினருக்கு வணக்கம்.

நீங்கள் எடுத்த படிப்புச் சோர்வுக் கணக்கெடுப்பின் முடிவைப் பார்த்தோம். மாணவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறார்களாம். அந்த முடிவு எப்படி வந்தது என்று அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

படிவத்தின் முதல் கட்டமே பதிவு எண். காலையில் எழுந்ததும் இன்னொரு நாளா என்று அலுப்பாக இருக்கிறதா என்ற கேள்விக்கு, என் பக்கத்தில் இருந்தவள் முதலில் 'தினமும்' என்றுதான் குறித்தாள். துறைத்தலைவர் வரிசைக்கு நடுவே நடந்து வந்ததும் அதை அழித்துவிட்டு 'ஒருபோதும் இல்லை' என்று மாற்றினாள். அழித்த இடத்தில் தாள் கிழியப் பார்த்தது. அக மதிப்பெண் போடுகிறவர் கையிலேயே அந்தத் தாளையும் கொடுக்க வேண்டும் என்றால் அவள் வேறென்ன செய்வாள்? இரவெல்லாம் தூங்காமல் ஆய்வக ஏடு எழுதி முடித்துவிட்டு வந்தவள், உங்கள் கணக்கில் நன்றாக இருக்கிறவள் ஆகிவிட்டாள். தயவுசெய்து பதிவு எண் கேட்காதீர்கள்.

கேள்விகளில் குறையில்லை. சோர்வை அளக்கும் மஸ்லாக் அளவுகோலை 2002-ல் மாணவர்களுக்கென்று மாற்றியமைத்த அதே 15 கேள்விகள்தான், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை. ஆனால் அது களைப்பு, படிப்பின் மேல் வரும் வெறுப்பு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை என்று மூன்றைத் தனித்தனியாக அளக்கிறது. முதல் இரண்டில் எண் கூடினால் சோர்வு அதிகம், மூன்றாவதில் கூடினால் நல்லது. நீங்கள் மூன்றையும் அப்படியே கூட்டிவிட்டீர்கள். களைத்து, வெறுத்து, நம்பிக்கையும் அடியோடு போன ஒருவருக்கு அந்தக் கூட்டலில் 90-க்கு 54தான் வரும். அதே நிலையிலும் நம்பிக்கையை விடாதவருக்கு 90 வரும். யாருக்கு உடனே கை கொடுக்க வேண்டும் என்பது இதில் தலைகீழாகிவிடுகிறது.

அதுவும் விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில் கேட்டீர்கள். மூன்று ஒப்படைப்புகளும் உள்தேர்வும் ஒரே வாரத்தில் விழும்போது யாரும் கேட்பதில்லை. சோர்வாக இருக்கிறது என்று யாராவது வாய் திறந்தால் நேர மேலாண்மைப் பயிலரங்குக்கு அனுப்புகிறீர்கள். அதற்கும் வருகைப்பதிவு உண்டு. பாடச்சுமையையும் கால அட்டவணையையும் தொட மட்டும் யாருக்கும் மனமில்லை.

கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன். இந்தப் பருவத்தின் உள்தேர்வு வாரத்திலேயே கணக்கெடுப்பை மறுபடி நடத்துங்கள். பதிவு எண் வேண்டாம், பாடம் எடுப்பவர்கள் கைக்குத் தாள் போகவும் வேண்டாம். மூன்று மதிப்பெண்களையும் தனித்தனியாக, துறைவாரியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவி