டெம்ப்ளேட் பாடம் ஸ்வாப்போடு நிற்க வேண்டாம்

சி++ பாடத்திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

டெம்ப்ளேட் (எந்த டைப்புக்கும் பொருந்தும்படி ஒரே முறை எழுதும் நிரல்) அலகு பெரும்பாலும் இரண்டு இன்ட்களை (முழு எண்களை) இடம் மாற்றும் ஸ்வாப்போடு முடிந்துவிடுகிறது. அதில் பிழை வர வழியே இல்லை. ஆகவே, டி (டெம்ப்ளேட்டில் டைப்புக்குப் பதிலாக வைக்கும் பெயர்) எந்த டைப் என்பதைக் கம்பைலர் எப்படி முடிவு செய்கிறது என்று யாரும் கேட்பதும் இல்லை.

முதல் பயிற்சியாக எஸ்டிடி::மேக்ஸ்(3, 2.5) கொடுங்கள். இரண்டு மதிப்புகளில் பெரியதைத் தரும் டெம்ப்ளேட் இது; இரண்டுக்கும் ஒரே டி-தான். கம்பைல் ஆகாது. முதல் மதிப்பைப் பார்த்தால் டி இன்ட், இரண்டாவதைப் பார்த்தால் டபுள் (தசம எண்). சாதாரண ஃபங்ஷனாக இருந்தால் 3 தானாகவே டபுளாகியிருக்கும். டி-யை ஊகிக்கும் கட்டத்தில் அந்த மாற்றத்துக்கு இடமில்லை. மேக்ஸ்<டபுள்> என்று நாமே சொல்லிவிட்டால் ஊகிக்கும் வேலையே இல்லை, சிக்கல் தீர்ந்தது.

அடுத்து, மேற்கோளுக்குள் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றையும் மூன்றெழுத்துச் சொல் ஒன்றையும் அதே மேக்ஸுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இதுவும் கம்பைல் ஆகாமல் நிற்கும். மேக்ஸ் ரெஃபரன்ஸாக (நகலெடுக்காமல் அசலையே) வாங்குவதால், அந்தச் சொல் இருக்கும் கேரக்டர் அரேயின் நீளமும் டைப்பில் சேர்ந்துவிடுகிறது: ஒன்று 6 கேரக்டர், மற்றது 4 (கடைசி நல் கேரக்டரையும் சேர்த்து). மதிப்பாக வாங்கும்படி மாணவரே ஒரு மேக்ஸ் எழுதினால் இரண்டும் பாயின்டராகச் சுருங்கிக் கம்பைல் ஆகிவிடும். ஆனால் ஒப்பிடப்படுவது சொற்கள் அல்ல, முகவரிகள். பிழைச் செய்தியே தேவலை!

டைப்பைச் சோதிப்பதிலும் இதே வம்புதான். டி&& வாங்கும் டெம்ப்ளேட்டுக்கு ஓர் இன்ட் மாறியைக் கொடுத்தால் டி என்பது ரெஃபரன்ஸ் டைப்பான இன்ட்&. இஸ்_சேம்_வி<டி, இன்ட்> (இரண்டும் ஒரே டைப்பா என்ற சோதனை) பொய் என்றாகி, அதை வைத்து எழுதிய இஃப்பில் சத்தமில்லாமல் எல்ஸ் பகுதி ஓடும். சி++20-இல் ரிமூவ்_சிவிரெஃப்_டி போட்டு ரெஃபரன்ஸ், கான்ஸ்ட் போன்றவற்றை உரித்த பிறகே ஒப்பிட வேண்டும். அந்த இஃப்பும் சி++17-இல் வந்த இஃப் கான்ஸ்டெக்ஸ்பர் (கம்பைல் ஆகும்போதே முடிவாகும் இஃப்) ஆக இருக்கட்டும். வெறும் இஃப் என்றால், அந்த டைப்புக்கு ஒவ்வாத பகுதியும் கம்பைல் ஆகியே தீர வேண்டும்.

டெம்ப்ளேட்டின் உடலை ஹெடரில் (மற்ற கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் கோப்பில்) வைக்கச் சொல்ல ஒரு வரி போதும். சிபிபி கோப்பில் ஒளித்து வேறு கோப்பிலிருந்து அழைத்தால், கம்பைல் ஆன கோப்புகளை இணைக்கும் லிங்கர் வழக்கமாக 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று நிற்கும். டி எப்படிப்பட்ட டைப்பாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் சி++20 கான்செப்ட்டுகளுக்கோ ஒரு முழு வகுப்பு வேண்டும்.

தேர்வில் 'டெம்ப்ளேட்டின் நன்மைகள் யாவை?' என்பதை விட்டுவிட்டு, நான்கு அழைப்புகளைக் கொடுத்து ஒவ்வொன்றிலும் டி என்னவென்று கேளுங்கள். விடையைச் சரிபார்க்க, உடல் இல்லாமல் அறிவித்த ஒரு டெம்ப்ளேட் ஸ்ட்ரக்டில் அந்த டி-யைப் போட்டு ஒரு மாறி அறிவித்தால் போதும். கம்பைலர் காட்டும் பிழைச் செய்தியிலேயே டைப் இருக்கும்.

இப்படிக்கு,
சி++ நிரலர்கள் சிலர்