கொங்கு மாவட்டங்களுக்கு ஓர் இணைய மக்கள்தொகை நிலப்படத் தொகுப்பு வேண்டும்

தமிழ்நாடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநர் அவர்களுக்கும், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம், நீலகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பின் முடிவுகளை ஊர்வாரியாகவும் வார்டுவாரியாகவும் நிலப்படத்தில் காணும் வசதியைப் பொதுமக்களுக்கு இணையத்தில் ஏற்படுத்தித் தருமாறு வேண்டுகிறேன். 2011-இன் கிராம அளவிலான எண்கள் எக்செல் அட்டவணைகளாக இணையத்தில் கிடைக்கின்றன என்றாலும், தம் ஊரை அக்கம்பக்கத்து ஊர்களோடு வைத்துப் பார்க்க விரும்பும் ஊராட்சித் தலைவருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ அவற்றால் பெரும்பயன் இல்லை.

மாவட்டச் சராசரி சொல்வது கொஞ்சம்தான். பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்கான தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கப்பட்ட சேலம் மாவட்டத்தில், ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001-இல் 851 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011-இல் அது 916 ஆனது. இந்த உயர்வு எந்த ஒன்றியங்களில் நிகழ்ந்தது, எங்கே நிகழவில்லை என்பதை நிலப்படம் ஒரே பார்வையில் காட்டிவிடும். ஆனால் முப்பது குழந்தைகளே உள்ள சிற்றூரில் இந்த விகிதத்துக்குப் பொருளில்லை. ஆகையால் இதைக் குறுவட்டம் (பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிர்க்கா) அல்லது ஒன்றிய அளவில் தொகுத்துக் காட்டுவதே நேர்மையாகும்.

எல்லைகள்தாம் உண்மையான சிக்கல். 2009-இல் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வட்டங்களைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டத்தை உருவாக்கியதால், 2001-இன் கோவையையும் 2011-இன் கோவையையும் அப்படியே ஒப்பிட முடியாது. கோவை மாநகராட்சிக்கோ 2011-க்கே இரண்டு மக்கள்தொகைகள் உண்டு: பழைய எல்லைக்குள் சுமார் பத்தரை லட்சம், அதே ஆண்டு நூறு வார்டுகளாக விரிந்த எல்லைக்குள் சுமார் 16 லட்சம். எது எந்த எல்லைக்கானது என்று சொல்லாமல் 'நகரம் வளர்ந்தது' என்று எழுதுவோர் ஏராளம். எனவே பழைய கணக்கெடுப்புகளின் எண்களை இன்றைய எல்லைகளுக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்டு, அதைச் செய்த முறையையும் படத்தோடே வெளியிட வேண்டும்.

நிறம் தீட்டும் முறையிலும் கவனம் தேவை. பர்கூர், கடம்பூர் மலைக் கிராமங்கள் பரப்பில் பெரியவை, மக்களோ குறைவு. பரப்புக்கு நிறம் பூசினால் காடுதான் கண்ணில் படும், நெருக்கமான திருப்பூர் வார்டுகள் புள்ளிகளாகச் சுருங்கிவிடும். மக்கள்தொகைக்கேற்ற அளவுள்ள வட்டங்களாலும் அதே தகவலைக் காட்டுவது நல்லது. சில குடும்பங்களே வாழும் பழங்குடிக் குடியிருப்புகளில் தனியொருவரை அடையாளம் காண இடம் தரும் எண்களை மறைத்துவிட வேண்டும். தனிநபர் விவரங்களை இரகசியமாகக் காக்கும்படி 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டமே பணிக்கிறது.

ஊர்ப்பெயர்களைத் தமிழில் தட்டச்சு செய்து தேட முடிய வேண்டும் என்பதைத் தனியே சொல்லவும் வேண்டுமா!

அழகான படங்கள் மட்டும் போதா. 2011-இல் ஒவ்வொரு கிராமத்துக்கும் வழங்கிய ஆறிலக்கக் குறியீட்டெண்ணோடு இணைத்து, கிராம, வார்டு எல்லைக் கோப்புகளை எவரும் தரவிறக்கிப் பயன்படுத்தும் வகையில் வெளியிடுங்கள். கல்லூரிப் புவியியல் துறைகளும் ஆர்வலர்களும் மீதி வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இதற்கு 2027 முடிவுகளுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. 2011 எண்களைக் கொண்டே முதல் பதிப்பை வெளியிடலாம்.

இப்படிக்கு,
கொங்கு நாட்டுப் புவியியல் ஆசிரியர் ஒருவர்