தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாயே

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு மொட்டை போட்ட படம் பிரமாதம். இப்போது எங்கள் இருவரில் அவனுக்குத்தான் முடி கொஞ்சம் கூடுதல்.

'உனக்கு எப்படிடி இவ்வளவு தைரியம்?' என்று கேட்டிருந்தாய். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து போட்ட முதல் கீமோவில் அதெல்லாம் கிடையாது. ஏழு நாள் சைட்டராபின் என்ற மருந்து, அதில் மூன்று நாள் டானோரூபிசின் என்ற சிவப்பு மருந்தும். சிறுநீர் சிவப்பாகப் போனதும் ரத்தம் என்று அலறிவிட்டேன். மருந்தின் நிறம்தான் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் 'தைரியமா இரு' என்றார்கள். அதை வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வது?

எனக்கு உதவியது தெர்மாமீட்டர்தான். கீமோ முடிந்த அடுத்த ஓரிரு வாரங்களில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகை 500-க்குக் கீழே போய்விட்டால் கிருமியை எதிர்க்க உடம்பில் ஆளே இல்லை. அப்போது 100.4 டிகிரி தொட்டாலே டாக்டருக்கு போன் போட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கேட்காமல் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளவும் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும். ஒருநாள் நடுராத்திரியில் 100.6. இவருக்குக் கை நடுங்கியது. நான்தான் போன் செய்தேன், ஃபைலை எடுத்தேன், ஆட்டோவுக்குச் சொன்னேன். போனவுடன் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அன்றிலிருந்துதான் எனக்கு என்மேலேயே ஒரு நம்பிக்கை.

பி.எட்.டில் உளவியலாளர் பாண்டுராவை மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 'என்னால் முடியும்' என்ற எண்ணம் பிறர் சொல்லி வருவதைவிடச் செய்து பார்த்து வந்தால்தான் வலு என்று 1977-இலேயே எழுதியிருக்கிறார். பரீட்சைக்கு எழுதினோம், மறந்தோம்.

இப்போது போகும் சுற்றில் சைட்டராபின் அளவு அதிகம். அது சிறுமூளையைப் பாதிக்கலாம் என்பதால் ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் மூக்கைத் தொடு, நேராக நட என்பார்கள்; ஒரு தாளில் கையெழுத்தும் வாங்குவார்கள். என் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்பாயே, அதை இங்கே நாள்தோறும் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்! கண் எரியாமலிருக்கச் சொட்டு மருந்தும் உண்டு. நேரம் தவறினால் நானே கேட்டு வாங்கிவிடுவேன்.

வீட்டில் உப்பும் ஆப்பசோடாவும் கலந்த தண்ணீரால் வாய் கொப்பளிப்பு, மெல்லிய பிரஷ், அப்போதே சமைத்த சூடான சாப்பாடு. சிரமமெல்லாம் சொந்தக்காரர்களிடம்தான். பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச் சாறு குடி என்று ஒரு சித்தி தினமும் போன். டாக்டர் வேண்டாம் என்கிறார் என்றால் அவருக்குக் கோபம். இருமிக்கொண்டு வந்த ஒரு மாமாவை வாசலோடு அனுப்பினேன். இதற்கு வேண்டியிருந்த தைரியம் ஊசிக்குக்கூட வேண்டியிருக்கவில்லை!

எல்லா நாளும் இப்படி இல்லை, மல்லி. சில நாள் எழுந்து உட்காரவே முடியாது, யாரையும் பிடிக்காது, இவரிடம் எரிந்து விழுவேன். அன்றைக்கு வாய் கொப்பளிப்பதோடு சரி, மற்றதெல்லாம் மறுநாளைக்கு.

வெள்ளணு கவுண்ட் ஏறியதும் சொல்கிறேன், வா. மாஸ்க் போட்டுக்கொள், மல்லிகைப்பூ வாங்கி வராதே, இப்போதைக்குப் பூ ஆகாது. ஜலதோஷம் என்றால் பயணத்தைத் தள்ளிவை. ஆமாம், உன் முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார்? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
சரோஜா